கைதட்டுக்குக் காத்திருந்த பல்லக்கு

அன்புள்ள நத்சுமே,

யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள். நம் கடைத்தெருத் திருவிழாவில் சாமிப் பல்லக்கைச் சுமந்து கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். தெருத் தலைவரான உன் அப்பா கை தட்டினால்தான் இறக்கலாம். அவரோ தட்டாமல் ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கால்கள் முழங்கால்வரை பூமிக்குள் இறங்கின. பல்லக்கின் உச்சியில் ஒரு காகம் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது.

தோஃபு கடை கென்சாக்கு அலறினான்: "தலைவரே, கை தட்டுறீங்களா, இல்ல எங்களையும் சாமியாக்கப் போறீங்களா?"

"பொறுங்கடா! டோக்கியோவிலேருந்து இன்னொரு ரயில் இருக்கு."

நீ டோக்கியோவுக்குப் போன நாளிலிருந்து உன் பேரையே எடுக்கக் கூடாதென்று எனக்கு உத்தரவு போட்ட அதே மனிதர்!

காகம் பொய். கால் புதைந்ததும் பொய். ரயிலைப் பற்றி அவர் சொன்னது மட்டும் நிஜம், மகளே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா