யாருடைய குரலுக்குத் திறப்பது?

12.11.2000, ஞாயிறு

கடைக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு வரும் வழியில் ஸைனுலாப்தீன் மாஸ்டர் மறித்தார். பின்னேரம் கூட்டமாம். சூறாவளி வந்தால் இந்தச் சின்னத் தெருவில், எங்கள் ஒழுங்கையில், இருக்கிற சனம் என்ன செய்வதென்று திட்டம் போடப் போகிறார்களாம். ஷெல்லுக்குத் தப்பின எங்களைக் காற்று வந்து என்ன செய்யும் என்று கேட்டேன். சிரித்தார். ஆனாலும் போனேன். வீட்டில் இருந்தால் மட்டும் யாரோடு கதைக்கப் போகிறேன்?

கோயிலும் பள்ளிவாசலும் சேர்ந்து கூட்டிய கூட்டம். காற்று எழும்பினால் எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்குப் போவது. நடக்க ஏலாத வேலாப்போடியரைக் கதிரையில் வைத்து அன்ஸாரும் சோமசேகரமும் தூக்குவது. இதெல்லாம் நல்லம். ஆனால் சனத்துக்கு எப்படி அறிவிப்பது? பொழுதுபட்டால் மணி அடிக்கவும் ஒலிபெருக்கி போடவும் ஆமி விடாது. வீடு வீடாகக் கதவு தட்டுவோம் என்றார் சோமசேகரம்.

வேலாப்போடியரின் மனுசி தங்கமுத்து கேட்டாள்: "தட்டினா ஆர் திறக்கிறது?"

ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். கூட்டாளிமார் என்று நினைத்துக் கதிராமன் போய்த் திறந்தான். பிடித்துக்கொண்டு போன என் பிள்ளை இன்னும் வரவில்லை.

19.11.2000

மாஸ்டர் வீடு வீடாகப் போகிறார். தட்டுவது சரிவராது, பழகின குரல் கூப்பிட்டால்தான் சனம் வெளிக்கிடும் என்று முடிவு.

"ராசமலரக்கா, நீங்க ஆர்ர குரலுக்குத் திறப்பீங்க?"

"கதிராமன்ர குரலுக்கு."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். அவர் மீது எனக்குச் சரியான கோபம். அந்த மனுசன் என்ன பிழை செய்தார்? மற்ற வீடுகளில் ஒரு பெயர் சொல்ல ஆள் இருக்கும். எனக்கு வேறு யார்?

23.11.2000

மழை. வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

3.12.2000

மாஸ்டர் திரும்பவும் வந்தார். இது நோன்புக் காலம், தேத்தண்ணி கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு என்னுடைய குரலைச் சொல்லியிருக்கிறதாம்! பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் எதிர்வீட்டுப் பரீதா. தண்ணீர் பிடிக்கப் போகும் இடத்தில் அவளும் நானும் சண்டை பிடிக்காத நாளில்லை. அவள் சொன்னாளாம்: "பைப்படியில ராசமலரக்கா போடுற சத்தத்த வேற ஒராளும் போட ஏலாது. அவவ மாதிரி ஒருத்தன் கத்திக் காட்டட்டும் பாப்பம்."

கொழுப்பு. ஆனாலும் இரண்டு தரம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

10.12.2000, ஞாயிறு

இன்று ஒத்திகை. ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். கதவுகள் திறந்தன. முடிந்ததும் எல்லாரும் குடும்பம் குடும்பமாகத் திரும்பிப் போனார்கள். நான் வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இருந்தேன். என்னைக் கூப்பிட ஆளில்லை என்பது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. நானாகச் சொல்லவும் வெட்கம்.

27.12.2000, புதன். பள்ளிக்கூட மாடியில்

தொண்டை அடைத்துவிட்டது. எழுதத்தான் முடியும்.

சூறாவளி வருகிறதென்று நேற்று மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள். பின்னேரமே காற்று எழும்பிவிட்டது. ஓடினேன். முற்றத்தில் நின்று கூப்பிட்டால் கேட்காது, ஒவ்வொரு கதவிலும் வாயை வைத்துக் கத்த வேண்டியிருந்தது. தங்கமுத்து திறக்கவே இல்லை. என்னுடைய குரல் மாதிரி இல்லையாம்! எனக்கு வந்த விசருக்கு, "வரிசையில குடம் வைக்கத் தெரியாதவளே, திறடி கதவ!" என்றேன். உடனே திறந்தாள். வேலாப்போடியரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாரையும் அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஆம், வேண்டுமென்றுதான். பத்து வருடமாக இந்த வீட்டை விட்டு ஒரு இரவு நான் வெளியில் தங்கியதில்லை. அவன் வந்து கூப்பிடும் நேரம் நான் இல்லாமல் போனால்?

"ராசமலரக்கா! நான் பரீதா. வெளிய வாங்க!"

"நீ போ. அவன் வந்தா வீடு பூட்டிக் கிடக்கும்."

"வந்தா எங்களிட்டத்தான் கேப்பான். நீங்க இந்தத் தகரக் கூரைக்குள்ள அம்பிட்டுச் செத்தா நாங்க அவனுக்கு என்னத்தச் சொல்றது?"

கதவிடுக்கால் பார்த்தேன். அவள் வாசற்படியில் இருந்துவிட்டாள்.

"அப்ப நானும் இதிலதான். இன்னும் நோன்பும் திறக்கல்ல."

படுபாவி. அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியாதா? அந்த மழையில், வெறும் வயிற்றோடு... தாழ்ப்பாளை இழுத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒழுங்கை முடக்கில் இன்னும் திரும்பக்கூட இல்லை, பின்னால் கூரைத் தகரம் கிழிகிற சத்தம். என் வீடு என்று தெரிந்தது. குழறி அழுதேன். அவள் திட்டிக்கொண்டே இழுத்துக்கொண்டு போனாள்.

மாடிக்கு வந்ததும் மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்தாள். பாதியைக் கடித்து நோன்பு திறந்தாள். மற்றப் பாதி எனக்கு.

29.12.2000, வெள்ளி

என் வீட்டில் சுவர் மட்டும் நிற்கிறது. பரீதா வீட்டில் அரைவாசி ஓடு மிச்சம். பெருநாளும் அதற்குக் கீழேதான் நடந்தது. எனக்கு முன்னறையில் பாய் போட்டிருக்கிறாள்.

மாஸ்டர் வந்தார். அடுத்த முறை காற்று எழும்ப முன்னமே கூப்பிடத் தொடங்க வேண்டும் என்று கரகரத்த தொண்டையால் அவருக்குச் சொன்னேன். துணைக்கு ஆளில்லாத வீட்டுக்கு முதலில் போக வேண்டும், தனியாக இருக்கிற ஆளை ஒருவர் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். கதிராமனைப் பற்றிக் கேட்கவில்லை.

நானாகவே எழும்பி ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். அவனுடைய உயரம், நெற்றித் தழும்பு, சிரிக்கிற விதம் எல்லாம் சொன்னேன். பத்து வருடத்தில் ஒருவரிடமும் இவ்வளவு கதைத்ததில்லை. தங்கமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குத் தெரியாத பிள்ளையா?" என்றாள்.

இன்று இரவும் நான் வீட்டில் இல்லை. அவன் வந்தால் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் அம்மா எங்கே என்று சொல்வார்கள்.