மூன்றாவது கிண்ணம்

மெய்ஜி ஆண்டு 25, ஜூன் 2. யோகோஹாமா

இன்று காலை முழுவதும் கொட்டுகிற மழையில் நடந்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை!

கிமோனோவின் ஓரத்தில் கம்பி வைத்துத் தைத்து, காற்று தூக்குவது போல் வளைத்துவிட்டார் படக்கடை முதலாளி முரோதா. கையில் விரித்த குடை. கழுத்துக்குப் பின்னால் ஆடாமல் பிடித்துக்கொள்ள இரும்புக் கவை. “கூமே, காத்து அடிக்குது! முகத்தைச் சுளி! ஆனா அசையாதே!” என்று கத்துகிறார். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் சுளித்துக்கொண்டு நின்றேன். மாலையில் இருட்டறை ஆள் தாமேகிச்சி, படம் பதிந்த கண்ணாடித் தகட்டை எடுத்து, ஊசியால் சாய்வாகக் கோடு கோடாகக் கீறினான். மழை வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தால் எனக்கே குளிருகிறது.

படங்களுக்கு வண்ணம் தீட்டுவதுதான் என் வேலை. ஆனால் வழியில் போகிறவர்கள் யாரும் படக் கருவிக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்கிறார்களே! ஆயுசு குறையுமாம். ஆகையால் மாதத்தில் பாதி நாள் நானேதான் எதிரே போய் நிற்கிறேன்.

ஜூன் 4

தலைகால் புரியவில்லை. ஒரு வெள்ளைக்கார வியாபாரி நம் ஜனங்களின் அன்றாட வாழ்க்கையை ஐம்பது படங்களாகக் கேட்டிருக்கிறான். இந்த மாதக் கடைசியில் அவன் கப்பல் கிளம்புவதற்குள் தொகுப்பு தயாராக வேண்டும்.

தேயிலை பறிக்கிறவள் நான். நாற்று நடுகிறவள் நான். முதுகில் பிள்ளை கட்டிக்கொண்டு அடுப்பு ஊதுகிறவளும் நானே. தேயிலைச் செடியைக் கிட்டத்தில் பார்த்தது கூட இல்லை! தாமேகிச்சி காலையில் ரிக்‌ஷாக்காரன், மதியம் பிட்சு, மாலையில் மீன்காரன். இருட்டறையில் தகடு கழுவுகிறவனுக்கு இவ்வளவு முகமா? அவனுக்கு இரும்புக் கவை வேண்டாம். நில் என்றால் தூண்தான். வெள்ளி மருந்து ஏறிய அந்தக் கறுப்பு விரல்களை மட்டும் முதலாளி ஒளித்துவைக்கச் சொல்வார்.

“இந்த விரலைப் பாத்து எவன் பொண்ணு குடுப்பான்?” என்றான் இன்று. “விரலை விடுங்க, முதல்ல வாயைத் திறந்து கேட்டீங்களா?” என்றேன். காது வரை சிவந்துபோய் இருட்டறைக்குள் ஓடிவிட்டான்.

ஜூன் 7

மழை. நிஜ மழை. வெளிச்சம் இல்லாததால் வேலை இல்லை.

ஜூன் 9

இன்றும் மழை. முதலாளியின் மனைவி ஓசேய் அம்மா கஞ்சி காய்ச்சிப் படம் ஒட்டும் பசை கிளறிக்கொண்டே சொன்னாள்: “தாமேகிச்சி இந்த மாசத்தோட கிளம்புறானாமே. வடக்கே ஹக்கோதாத்தேல சிநேகிதன் ஒருத்தன் படக்கடை போட்டிருக்கானாம். வெள்ளைக்காரன் வேலை முடிஞ்சதும் கப்பல்.”

போகட்டும். எனக்கென்ன.

பொய். எனக்கென்னவா? படத்தில் ஒரு பாட்டியம்மாளின் மூக்குக்குச் சிவப்பு அடித்துவிட்டேன். மூன்று வருஷமாக ஒரு கூரையின் கீழ் வேலை செய்கிறோம். நான் வாய் ஓயாமல் பேசுகிறேன், அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சொல்ல வேண்டியதை மட்டும் இருவரும் சொன்னதில்லை. பெண் நான் எப்படிப் போய்க் கேட்பது? அவனாகக் கேட்பானா? தூண் எங்கே கேட்கும்!

ஜூன் 13

ஐம்பதில் ஒன்றுதான் பாக்கி — கல்யாணப் படம். மணப்பெண் யார்? வேறு யார், நானே! மாப்பிள்ளை? “தாமேகிச்சியேதான், வேற ஆளுக்கு எங்க போறது?” என்றார் முதலாளி. இருவரும் தரையைப் பார்த்தோம்.

பிறகு ஒரு ரகளை. கல்யாணச் சடங்குக் கிண்ணத்தில் ஊற்றிக்கொடுக்க ஓசேய் அம்மா நடுவில் உட்கார வேண்டும். “மூணு பேரு படத்துல நடுவுல இருக்கறவ முதல்ல போயிருவா! நான் மாட்டேன்!” என்று எழுந்துவிட்டாள். “இத்தனை வருஷமா படக்கடை நடத்துறே, நீயே இப்படிப் பேசலாமாடி?” என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பொம்மையை வாங்கி வந்து ஓர் ஓரத்தில் உட்காரவைத்தோம். இப்போது நாலு பேர்! பொம்மைக்கு ஆயுசு கெட்டி.

வெயில் வர வேண்டும். வரக் கூடாது. வந்தால் படம் முடியும், படம் முடிந்தால் அவன் போய்விடுவான்.

ஜூன் 16

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் மேகம் கொஞ்சம் விலகியது. “உடனே! உடனே!” என்று முதலாளி குதித்தார். வெள்ளைக் கல்யாண உடை வாடகைக்கு வந்தது, ஒரே கற்பூர நெடி. தலையில், மணப்பெண்ணின் கோபக் கொம்பை மறைப்பதாகச் சொல்லும் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்ட ஓசேய் அம்மா, “உன் கொம்புக்கு இந்தத் துணி பத்தாதுடி” என்றாள். முதலாளி விரலை ஆட்டி எச்சரித்தார்: “கிண்ணத்துல இருக்கறதை ஒரு சொட்டு சிந்தக் கூடாது. பட்டுல கறை பட்டா வாடகைக் கடைக்காரன் என் தோலை உரிச்சிருவான். படம் எடுத்ததும் குடிச்சிருங்க. தண்ணிதானே!”

ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் இருவரும் மாறி மாறி மூன்று முறை உறிஞ்ச வேண்டும். அதுதான் முறை. நிஜக் கல்யாணத்தில் சாக்கே என்னும் அரிசி மது ஊற்றுவார்கள்; அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. “சாக்கே இல்லாம தண்ணியா இருக்கறதால தப்பிச்சே. இல்லேன்னா இன்னிக்கே புருஷன் பொண்டாட்டி!” என்று ஓசேய் அம்மா சிரித்தாள். தாமேகிச்சி சிரிக்கவில்லை.

முதல் கிண்ணம். ஓசேய் அம்மா ஜாடியிலிருந்து ஊற்றினாள். அவன் உறிஞ்சிவிட்டு என்னிடம் நீட்டினான். உதட்டில் வைத்தேன். முதலாளி கருவியின் மூடியைத் திறந்து, “அசையாதே!” என்றார்.

தண்ணீர் இல்லை.

சாக்கே! நாக்கில் சுரீர் என்றது. முகத்தைத் திருப்ப முடியாது. பேச முடியாது. பக்கத்தில் அவன் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்கவில்லை. ஜாடியில் யார் ஊற்றியது? தெரிந்தா, தெரியாமலா? துப்பிவிடலாம். “ஐயோ, இது சாக்கே!” என்று சொன்னால் போதும், எல்லோரும் சிரிப்பார்கள், விளையாட்டாகப் போய்விடும்.

நான் விழுங்கினேன்.

இரண்டாவது தகட்டுக்கு இரண்டாவது கிண்ணத்தையும் குடித்தேன். மூன்றாவது பெரியது. குடித்துவிட்டு இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தேன். அவன் அதை உதட்டில் வைத்தபோது மூன்றாவது தகடு எடுத்தார்கள். வெறும் வயிறு, காதெல்லாம் சூடு. “மணப்பொண்ணுக்கு என்னமா வெட்கம் வருது பாரு! நடிப்புன்னா இது!” என்று முதலாளி பூரித்துப்போனார்.

நடிப்பா!

ஜூன் 17

இருட்டறையிலிருந்து முதலாளியின் கூச்சல். முதல் தகட்டில் என் முகம் கலங்கிக் கிடக்கிறது. இரண்டாவது தேறியது. மூன்றாவதில் நான் சிலை, அவன் கை புகையாகக் கலைந்திருக்கிறது. கிண்ணம் எங்கே, விரல் எங்கே என்றே தெரியவில்லை.

“தூண் மாதிரி நிக்கறவனாச்சே, உனக்கு என்னடா வந்தது?”

“கால் மரத்துப்போச்சு முதலாளி.”

“கால் மரத்தா கையாடா ஆடும்!”

அந்தக் கை ஆடியதே! ஆனாலும் கேட்காமல் எதுவும் நிச்சயமில்லை. அவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான்? தெரியாமல்தான் ஊற்றிவிட்டானோ? ஐயோ, அப்படியானால் நான் எவ்வளவு பெரிய முட்டாள்!

ஜூன் 21

வெள்ளைக்காரனுக்காக அந்த இரண்டாவது படத்துக்கு வண்ணம் போடுகிறேன். உதட்டுக்குச் சிவப்பு, பொம்மைக்கு மஞ்சள். கிண்ணத்துக்குள் என்ன நிறம் போடுவது? சாக்கேவும் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான். விட்டுவிட்டேன்.

அவன் பெட்டி கட்டுகிறான். கப்பல் இருபத்துநாலாம் தேதி.

ஜூன் 22

போய்க் கேட்டுவிட்டேன்! கேட்டே விட்டேன்!

இருட்டறைக் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். சிவப்பு விளக்கில் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். பழுதான மூன்றாவது தகடு. சுரண்டித் திரும்பப் பயன்படுத்த வேண்டியதைத் தன் பெட்டிக்குள் வைக்கிறான்!

“ஜாடியில ஊத்தினது நீங்கதானே?”

“ஆமா.”

“எதுக்கு?”

தகட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “வாயால கேக்க எனக்கு வரலை, கூமே. மொத வாயிலயே நீ துப்பிருவேன்னு நெனச்சேன். துப்பியிருந்தா சத்தமில்லாம கப்பல் ஏறியிருப்பேன். நீ விழுங்கிட்டே. அதுக்கப்புறம் எனக்குக் கை நிக்கலை.” பெட்டியை மூடிவிட்டு, “மீதி ரெண்டு கிண்ணத்தையும் எதுக்குக் குடிச்சே?” என்றான்.

“பட்டுல சிந்தக் கூடாதுன்னு முதலாளி சொன்னாரே!”

அவன் முகம் தொங்கிப்போனது. பாவமாகிவிட்டது. “மக்கு! பிடிக்காதவன் குடுத்தா அதைத் தரையில கொட்டியிருக்க மாட்டேனா?” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கறுத்த விரல்களால் என் கண்ணைத் துடைத்தான். கன்னமெல்லாம் மருந்துக் கறை. கழுவ மனசில்லை.

ஜூன் 23

எனக்குப் பொறுப்பான என் அண்ணனிடம் ஓசேய் அம்மாவே வீட்டுக்கு வந்து பேசினாள். “மூணு கிண்ணமும் முடிஞ்சுபோச்சு. ஊத்தினவ நான். இனி இதுல பேச என்ன இருக்கு?” அண்ணன் சரியென்று தலையாட்டிவிட்டார். வெளியே வந்ததும், “அம்மா, அது சாக்கேன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா? கற்பூர நெடியிலே...” என்று இழுத்தேன்.

“என் மூக்கு செத்துப்போச்சுன்னு எவடி உனக்குச் சொன்னது?”

ஜூன் 24

கப்பலில் இரண்டு இடம்.

டிசம்பர் 8. ஹக்கோதாத்தே

இங்கே பனி தானாகவே விழுகிறது. முரோதா கடையில் படத்துக்கு உதறுவது போல் பஞ்சு உதற வேண்டாம்! காலையில் கதவைத் திறந்ததும் கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் ஓடி வந்து, பனி என்று தெரிந்ததும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன வாரம் வெயில் அடித்த ஒரு நாளில் மூன்றாவது தகட்டைத் தாளில் அச்சேற்றினார். நான் வண்ணம் போட்டேன். அந்தக் கையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. இன்று குடும்பப் படம் எடுக்க வந்த வலை வியாபாரியின் மனைவி அதை உற்றுப் பார்த்து முகம் சுளித்தாள்.

“கெட்டுப்போன படத்தையா கடையில மாட்டுவாங்க? மாப்பிள்ளை ஆடிட்டாரே! காசைத் திருப்பிக் குடுத்தீங்களா?”

“இல்லேம்மா. ஆளை நானே வச்சுக்கிட்டேன்.”

இருட்டறைக்குள் ஏதோ தட்டு விழுந்த சத்தம் கேட்டது. நல்லவேளை, உடையவில்லை.