பதினோராம் நம்பர் மலைக்கு என்னை அனுப்பிய அண்ணனுக்கு

என் ஆசை அண்ணனுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ செத்து இரண்டு வருஷமாகிறது, இன்னும் என்னடி கோபம் என்று கேட்பாய். கேட்டுக்கொள்.

போன வாரம் தேயிலைக் கம்பனிக்காரர்கள் புதிதாக வந்த சின்னத்துரைமாருக்குப் பதுளையில் ஒரு வகுப்பு வைத்தார்கள். நல்ல நிர்வாகி எப்படி இருக்க வேண்டும் என்று பாடம். மடுல்சீமைத் தோட்டத்துக்கு வேன் அனுப்பி என்னையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் மாலை போட்ட உன் படம். நம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து சின்னத்துரையாக வந்தவன் நீ ஒருத்தன்தானே. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு கோட்டுப் போட்ட பெரிய ஆள் ஒருவர் எழுந்தார். "நல்ல தலைவனுக்குச் சொந்தபந்தம் கிடையாது. இவர் கர்ப்பிணியான சொந்தத் தங்கச்சியையே மேட்டு மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினவர். அவருக்கு வேலைதான் முதல்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தக் கதையை அவர்களுக்கு யார் சொன்னது? நீதானே? பெருமையாகவா சொன்னாய்?

மீதிக் கதையை ஏன் சொல்லாமல் விட்டாய் அண்ணே? எந்தத் துரை வந்தாலும் நம் தோட்டத்தில் பிள்ளைத்தாச்சிகளுக்குப் பக்கத்து மலையில்தான் வேலை. அன்று காலைப் பெரட்டில் எங்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்தபோதும் மற்ற மூன்று பேருக்கு அதைத்தான் கொடுத்தாய். என் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "நீ பதினோராம் நம்பருக்குப் போ" என்றாய்.

"தொரை, எனக்கு ஆறு மாசங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் உன்னை அண்ணே என்று கூப்பிட முடியுமா?

"தங்கச்சின்னு சலுகை காட்டுனா நாளைக்கு நாலு பேரு என்னையப் பேசுவாங்க" என்றாய்.

மழையில் ஊறிக் கிடந்த ஏற்றம். கூடையோடு சறுக்கி விழுந்தேன். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, "நான்தான் கொன்னுட்டேன் தங்கச்சி" என்று அழுதாய். என்னிடம் மட்டும் அழுதாய். நாலு பேர் பேச்சுக்குப் பயந்து என்னை அந்த மலைக்கு ஏற்றத் தெரிந்தது. அதே நாலு பேர் முன்னால் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல மட்டும் ஏன் தெரியவில்லை?

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? வகுப்புக்குப் போய் வந்த புதுச் சின்னத்துரை இன்று காலைப் பெரட்டில் பக்கத்து மலை வழக்கத்தையே நிறுத்திவிட்டான். "அவரே தங்கச்சிக்குக் குடுக்கல, ஒங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்றான். 

நம் லயத்தில் அடுத்த காம்பராவில் ராணி என்று ஒரு பெண். போன வருஷம்தான் கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். ஐந்து மாதம். நாளைக்கு அவளுக்குப் பதினோராம் நம்பர். சாயங்காலம் வந்து, "அக்கா, நீங்க ஏறுனீங்கதானே, நானும் சமாளிச்சிருவேன்" என்று சிரிக்கிறாள். பாவி, அவளுக்கும் பாதிக் கதைதான் தெரியும்.

உன் படத்தைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் அதோடுதான் பெரட்டுக்குப் போவேன். கட்டிலோரத்தில் நீ சொன்னதை, நீ சொன்ன அதே வார்த்தையில், அத்தனை பேர் முன்னாலும் உனக்காக நான் சொல்வேன். ராணி அந்த மலை ஏற மாட்டாள். இது சத்தியம்.

உன் பேர் கெடும். கெடட்டும் அண்ணே.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்தவள்,
செல்லம்மா