ரோபோவா, கேப்டனா?

1984, செவ்வாய் இரவு

இந்நேரத்தில் எழுப்புகிறேன், மன்னித்துக்கொள் நோட்டே. இரண்டு விண்வெளித் தொடர்களை இன்று டிவியில் ஒரே கதையாக இணைத்துக் காட்டினார்கள். அதில் ரோபோவைக் கேப்டன் சுட்டுவிட்டானாம். அதற்காக ரோபோ கட்சியான என் மகள், கேப்டன் கட்சியான கீழ்வீட்டு மேரி அக்காவின் மகனைக் கடித்துவிட்டாள். நான் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அந்த அக்காதான். கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

“உங்க ரோபோதான் முதல்ல சுட்டுச்சு லா!” என்றார் அக்கா.

“உங்க கேப்டன் பேச்சு மாறினா அது வேற என்னக்கா செய்யும்?”

பட்டம் வாங்கிய என் வாய் இப்படிக் கத்தியது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். திருப்பிக் கொண்டுவந்த கேசரி எங்கள் மேசைமேல் ஆறிக் கிடக்கிறது. காலை ஏழு மணிக்குக் குழந்தையை யாரிடம் விடுவது? சிரிக்காமல் சீக்கிரம் பதில் சொல்.