அரசன் பிறந்த இடமும் உன் சாதகமும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
08.10.2025

அன்பின் பிரதீசுக்கு,

சித்தி எழுதுகிறேன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஹவாயில் ஹோட்டல் சமையலறையில் ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நீ நூடுல்ஸ் தின்கிறாயாம். சாமினிதான் சொன்னாள். கலியாண மாப்பிள்ளை இப்படியா இருப்பது? வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புல்வெளியும் ஒரு கல்மதிலும். அந்த ஊர் அரசன் கமேஹமேஹா பிறந்த இடம் என்று எழுதியிருந்தாய். வானத்தில் புதுமையான வால்வெள்ளி தோன்றியதாம், பிள்ளையைக் கொல்லச் சொல்லி அப்போதைய அரசன் ஆளனுப்பினானாம், பிறந்த கையோடு ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் ஓடிவிட்டானாம். ஓடியவனைப் பற்றி அவ்வளவு எழுதினாய். பெற்றவளைப் பற்றி, மசக்கையில் சுறாவின் கண்ணைக் கேட்டாள் என்று ஒரே ஒரு வரி. பிள்ளையைக் கொடுத்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லையா?

எனக்கு மசக்கையில் காலிமுகத்திடல் இறால் வடை வேண்டியிருந்தது. பிறகு நீயும் அதற்குத்தான் அழுவாய்.

ஓம் மகன், சரியாகத்தான் வாசிக்கிறாய்.

அப்போது நான் புறக்கோட்டையில் புடவைக் கடையில் வேலை. உன் தகப்பன் பெயர் கஜேந்திரன். தாலி கட்டப் பத்து நாள் இருக்கையில் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்றுவரை வரவில்லை. நீ என் வயிற்றில் இருந்தாய். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இங்கே ஒரு மருத்துவிச்சி வீட்டில் உன்னைப் பெற்றேன். மூன்று நாள் கழித்து அக்கா வெள்ளவத்தையிலிருந்து த்ரீவீலில் வந்து உன்னைக் கொண்டுபோனாள். வழியில் சோதனைச் சாவடியில் யாருடைய பிள்ளை என்று ஆமிக்காரன் கேட்க, "மகே" என்றாளாம். சிங்களத்தில் 'என்னுடையது'. போன வருடம் சாகும்வரை அந்தச் சொல்லை அவள் மாற்றவில்லை. நல்லாய்த்தான் வளர்த்தாள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். யாரிடமும் சொல்வதில்லை என்று கோயிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதை இன்று மீறுவது உன் சாதகத்தால். உன்னைத் தன் மடியில் கிடத்திய நேரத்தையே பிறந்த நேரம் என்று அக்கா சாத்திரியாரிடம் கொடுத்தாள். தன் கைக்கு வந்தபோதுதான் நீ பிறந்தாய் என்பது அவள் வாதம். அதனால் விசாகம் என்று எழுதியிருக்கிறது. நீ பிறந்தது அத்தம், பின்னேரம் நாலு பத்து. சாமினி திருவோணம். விசாகத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று தெஹிவளையில் அவள் வீட்டார் மண்டபமும் பேசிவிட்டார்கள். நான் வேறொரு சாத்திரியாரிடம் அத்தத்தைச் சொல்லிக் கேட்டேன். இரண்டும் ஒரே கழுத்து ரச்சு, பொருந்தாது, பெண்ணுக்கு உயிர்ப்பயம் என்றார். நீ நம்பமாட்டாய். நான் நம்புகிறேன். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் காரணமாகும். இனி நீங்கள் இரண்டு பேரும் கதைத்து முடிவெடுங்கள்.

அரசன் எந்த ஆண்டு பிறந்தான் என்பதே நிச்சயமில்லை, ஆனாலும் இடத்தைக் காக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு உன் நேரம் நிமிடத்தோடு தெரியும், இடம்தான் இல்லை. மருத்துவிச்சி வீட்டை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். அந்த அறை இருந்த இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. கடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தால்தான் போவேன்.

ஐந்து வயதில் அந்த அரசனைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்களாமே. நான் அதை நினைத்து எழுதவில்லை.

மாதாமாதம் அத்தத்தன்று உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். ஐயர் நட்சத்திரம் கேட்கும்போது மட்டும்தான் இத்தனை வருடமும் நான் உண்மை சொன்னது. மார்கழியில் வரும்போது, மனமிருந்தால் என்னோடு ஒருநாள் கோயிலுக்கு வா. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்காதே, சித்தி போதும். ஐயர் கேட்டால், பெயர் பிரதீஸ், நட்சத்திரம் அத்தம் என்று நீயே உன் வாயால் சொல்லு. நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

கதிரேசன் உனக்குத் துணை இருக்கட்டும்.

சித்தி
ஜீவராணி