குப்பைமேட்டுக்குத் தண்ணீர்க் குழாய்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. முதலில் நீ சிரிப்பதற்கு ஒன்று. போன வாரம் உன் தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எதிர்ப்புச் சக்தி டானிக் பாட்டிலை டாக்டரம்மா மேசையில் வைத்து, தினம் ரெண்டு மூடி கொடுக்கிறேன், மூணாக்கட்டுமா என்று பெருமையாகக் கேட்டேன். பாட்டிலைச் சரியாக மூடவில்லை, ஸ்கேன் படத்தின்மேல் ஒழுகிவிட்டது. அன்றிலிருந்து உன் அம்மா என்னை வைத்தியரே என்றுதான் கூப்பிடுகிறாள்.

எதிர்ப்புச் சக்தி குறையலை பெரியவரே, கட்சி மாறிடுச்சு என்றார் டாக்டரம்மா. கர்ப்பப்பைக்குள் இருக்கும் படலம் மாதிரியே ஒன்று இவளுக்கு வெளியே, குடலில் ஒட்டி வளர்கிறதே, அந்த எண்டோமெட்ரியோசிஸ், அதைத் தின்று தீர்ப்பது உடம்பின் காவல் அணுக்களுடைய வேலையாம். இவளுக்கு அவை அதன் பக்கத்திலேயே குடியேறி, ரத்தக்குழாயும் நரம்பும் வளர உதவுகின்றனவாம். டிப்போவில் குப்பை கூட்டுகிற ஆட்களை மேய்க்கிற எனக்கு இது புரியாதா? குப்பை அள்ளப் போனவன் குப்பைமேட்டுக்குத் தண்ணீர்க் குழாயும் கரண்டும் இழுத்துக் கொடுத்த கதை என்றேன். அதேதான் என்று டாக்டரம்மா சிரித்தார். பரீட்சையில் பாஸானவன்போல நிமிர்ந்தேன். அப்புறம்தான் இவள் முகத்தைப் பார்த்தேன். அந்த அணுக்களைத் திருத்த மருந்து இல்லையா டாக்டர் என்று கேட்டாள். ஆராய்ச்சி நடக்கிறதாம், கையில் கொடுக்க இன்னும் ஒன்றுமில்லையாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பிவிட்டது, கர்ப்பப்பையையே எடுத்தாலும் வலி போகும் என்று உறுதி சொல்ல முடியாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில், உங்க ஆளுங்களுக்குப் பிடிக்கிற மாதிரி என் உடம்புக்குள்ள இருக்கிற ஆளுங்களுக்கும் சம்பளத்தைப் பிடிங்கப்பா என்று என்னைக் கிண்டல் செய்தவள், அடுத்த வளைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கண்டக்டர் பார்த்துவிட்டு, மாசமா இருக்கிற பொண்ணு, யாராவது எந்திரிங்கப்பா என்று இடம் வாங்கிக் கொடுத்தார். இல்லை என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை, உட்கார்ந்துகொண்டாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே வேலைக்கு ஓடாதே. இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். அவளுக்குப் போன் செய்தால் சீக்கிரம் சரியாயிடும் என்று மட்டும் சொல்லாதே, நாங்கள் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. அம்மா பக்கத்தில் இல்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் தங்கை, இது எப்பப்பா முடியும் என்று கேட்டாள். சாவியைத் தேடுகிறவன்போலப் பையைத் துழாவினேன். முடியாதும்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா