ஐஸ் போட்டது யார்

14.5.1973, திங்கள்

காலையில் கரென்ட் போய், ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் நின்றுவிட்டது. ஊட்டியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த ட்ரவுட் மீன்கள் கும்மிடிப்பூண்டி வெயிலைத் தாங்காது. அவசரமாக ஐஸ் பாளம் வரவழைத்தேன்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி பழவேற்காட்டு ஏரி மீனவன். பாளத்தை முகர்ந்தான். "பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குது சார், வாணாம்."

"வாசனை பாத்துக்கினு நிக்கிற நேரமாடா இது?" என்று கத்திவிட்டு நானே தொட்டியில் போட்டேன். குளோரின் பட்டால் இந்த மீன் சாகும் என்று எனக்குத் தெரியாதா? மதியத்துக்குள் அத்தனையும் செத்து மிதந்தன.

சாயங்காலம் அவற்றை அள்ளிக்கொண்டே முனுசாமி சொன்னான்: "நான்தான் ஐஸ் போட்டேன்னு எழுதிக்கோங்க சார். வேலை போனா எனக்கு ஏரி இருக்குது."

இதோ, பக்கத்தில் அறிக்கை கிடக்கிறது. அவன் பெயரை எழுதியாயிற்று.